என் பேரில் ஒரு பிடிவாரண்ட்!

"தம்பி, உங்க மேல ஒரு வாரண்ட் நிக்குதே!"

போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் இதைச் சொன்ன தொனி இருக்கிறதே... 'சட்டைல ஒரு பட்டன் அறுந்திருக்கே' என்று சொல்கிற மாதிரி! அவருக்கு அது பட்டன். எனக்கோ நடுத்தெருவில் சட்டையே கழன்று விழுந்த மாதிரி.

நான் போனது பாஸ்போர்ட் விசாரணைக்கு. 2024-ல் எங்கள் ஆபீஸில் மூன்று பேரை ஒரு வார டிரெயினிங்குக்கு மலேசியா அனுப்புவதாக முடிவாகி, அதில் அடியேனும் ஒருவன். விமானத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் அதற்குள்ளே உட்காரப் போகிறான். அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மூன்றாவது வீட்டு மாமி, 'வரும்போது கோடாலித் தைலம் ஆறு பாட்டில்' என்று ஆர்டரே கொடுத்துவிட்டார்.

"என்ன வாரண்ட் சார்? நான் ஆபீஸ்ல அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் சார்!" என்றேன். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன்காரன் மீது வாரண்ட் வராது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ, தெரியவில்லை.

ரைட்டர் நல்ல மனிதர். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "2021-ல உங்க பழைய ஏரியா ஸ்டேஷன்ல ஒரு கேஸ். 341, 323. கோர்ட்டுல கூப்பிட்டு நீங்க போகலை. பிடிவாரண்ட் போட்டிருக்காங்க. அதை முடிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் பாஸ்போர்ட்டுக்கு நான் எப்படி 'நல்லவர்'னு எழுத முடியும்?"

அப்போதுதான் அந்தப் பூந்தொட்டி ஞாபகம் வந்தது.

பூந்தொட்டிப் போர்

2021-ல் நாங்கள் வேறு ஏரியாவில் வாடகைக்கு இருந்தோம். எதிர் வீட்டில் ஒரு ரிட்டயர்ட் சார். அவர் வீட்டு கேட்டில், 'வாகனங்களை நிறுத்தாதீர்' என்று கொட்டை எழுத்தில் போர்டு. நம் ஊரில் அந்த போர்டுக்கு அர்த்தம், 'இங்கே நிழல் உண்டு' என்பதுதானே? ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பைக்கை அங்கே நிறுத்திவிட்டேன். அவர் ஸ்கூட்டரை வெளியே எடுக்க வந்தார். பைக்கை எடுக்கச் சொன்னார். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் எடுக்காமல் நின்ற விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. வார்த்தை தடித்தது. அவர் என் சட்டையைத் தொட்டார். நான் அவர் தோளைத் தள்ளினேன். பின்னால் இருந்த பூந்தொட்டி மேல் அவர் விழுந்தார். முழங்கையில் ரத்தம்.

தள்ளியது நான்தான். இதை எழுதும்போது ஒளிப்பதில் பிரயோஜனம் இல்லை.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம். ஏட்டய்யா விரலை வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். கூட வந்த நண்பனும் போட்டான். "கூப்பிட்டா வரணும்" என்றார்கள். நாங்கள் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். 'சி.எஸ்.ஆரோட முடிஞ்சுதுடா' என்றான் நண்பன். அவனுக்குச் சட்டம் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

உண்மையில் அது சி.எஸ்.ஆர். இல்லை, எஃப்.ஐ.ஆர். புகார் வந்ததற்கு ஸ்டேஷனில் கொடுக்கிற ரசீதுதான் சி.எஸ்.ஆர். எஃப்.ஐ.ஆர். என்றால் வழக்கே பதிவாகிவிட்டது என்று அர்த்தம். நான் போட்ட கையெழுத்து, ஸ்டேஷன் ஜாமீன் பத்திரத்தில். 341 என்றால் ஒருவரைப் போகவிடாமல் வழிமறிப்பது. 323 என்றால் லேசான காயம் உண்டாக்குவது. இரண்டும் ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள் என்பதால்தான் டீ குடிக்க விட்டார்கள்.

2022-ல் வீடு மாறினோம். கேஸ் நடக்கிறது என்றே தெரியாதவன் ஸ்டேஷனுக்கு எதற்குப் புது விலாசம் கொடுக்கப் போகிறான்? சம்மன் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. ஹவுஸ் ஓனர், 'காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க' என்றிருக்கிறார். கோர்ட்டில் டவாலி என் பெயரை மூன்று முறை கூவியிருக்கிறார். அதே நேரத்தில் நான் ஆபீஸ் கேன்டீனில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

காக்கிக் காய்ச்சல்

அதற்கப்புறம் இரண்டு வாரம் நான் பட்ட பாடு இருக்கிறதே!

காக்கிச் சட்டையைக் கண்டாலே கால் தானாக சந்துக்குள் திரும்பியது. ஒரு நாள் தபால்காரரைப் பார்த்து ஒளிந்தேன். இன்னொரு நாள் ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டி தாத்தா, "தம்பி..." என்று கூப்பிட, கார்டை மெஷினிலேயே விட்டுவிட்டு நாலு கடை தள்ளிப் போய் நின்றேன். அவர் அதை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தார், பாவம்!

வீட்டில் சொல்லவில்லை. ஆபீஸில் சொல்லவில்லை. 'வாரண்ட்' என்ற வார்த்தைக்கு நம் ஊரில் இருக்கிற மரியாதை அப்படி. அதை வாயால் சொன்னாலே கையில் விலங்கு மாட்டிய மாதிரி ஒரு கூச்சம். அந்தக் கூச்சம் இருக்கிறதே, அதுதான் இந்த மாதிரி கேஸ்களில் முதல் எதிரி. போலீஸ் எல்லாம் அதற்கப்புறம்.

கடைசியில் நண்பன் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காதோரம் பேசுகிற டைப். "பதினஞ்சாயிரம் குடு. ஃபைலையே காணாம அடிச்சிடலாம்" என்றார். நான் ஏ.டி.எம்முக்கே கிளம்பிவிட்டேன், தாத்தா இல்லாத ஏ.டி.எம்!

அன்று ராத்திரி சகதர்மிணி நேருக்கு நேர் உட்கார்ந்தாள். "ரெண்டு வாரமா சரியா சாப்பிடறதில்லை. போன் வந்தா மொட்டை மாடிக்கு ஓடறீங்க. இப்ப பதினஞ்சாயிரம் எதுக்கு? உண்மையைச் சொல்லுங்க, யார் அவ?"

சொன்னேன்.

"அடச்சீ, வாரண்ட்தானா! நான் என்னென்னமோ நினைச்சு எங்கம்மாவுக்கு வேற சொல்லிட்டேன்" என்றாள். இந்தப் பதினைந்து நாளில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அதுதான். அவளே போனை எடுத்து 15100-ஐ அழுத்தினாள். தாலுகா ஆபீஸுக்கு சர்ட்டிபிகேட் வாங்கப் போனபோது போர்டில் பார்த்திருக்கிறாள். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண். 'எந்தக் கோர்ட்டுல கேஸோ, அந்த வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், நேர்ல போய்ப் பாருங்க' என்றார்கள்.

தாம்பூலத் தட்டும் காரும்

போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு வக்கீலம்மா. முதலில் என் சம்பளத்தைக் கேட்டார். பெண் பார்க்க வந்த மாதிரி கூச்சமாக இருந்தது. விஷயம் இதுதான்: 1987-ல் வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருந்தால் அரசுச் செலவில் வக்கீல் உண்டு. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் போன்றவர்களுக்கு அந்த வருமான வரம்பு கூடக் கிடையாது. லட்சாதிபதி கைதாகி உள்ளே இருந்தாலும் கேட்கலாம்!

நான் எந்த வகையிலும் வரவில்லை. "வக்கீலை நீங்கதான் வெச்சுக்கணும். ஆனா யோசனை கேட்க என்ன காசு? உட்காருங்க" என்றார் அந்த அம்மா.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன உவமை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"சம்மன்னா கல்யாணப் பத்திரிகை. 'அவசியம் வரணும்'னு அர்த்தம். ஜாமீன்ல விடக்கூடிய வாரண்ட்னா, வீட்டுக்கே ஆள் வந்து தாம்பூலத் தட்டோட கூப்பிடறது. எவ்வளவு தொகைக்கு ஜாமீன், எத்தனை பேர் கையெழுத்துன்னு அந்த வாரண்ட்லயே எழுதியிருக்கும். அதைப் பூர்த்தி பண்ணிட்டா, வாரண்டோட வந்த போலீஸே உங்களை விட்டுடலாம். 'இந்தத் தேதிக்கு வந்துடறேன்'னு எழுதிக் கொடுத்தாப் போதும். பிடிவாரண்ட்னா, காரை அனுப்பித் தூக்கிட்டுப் போறது. அதுல போலீஸ் உங்களை விட முடியாது. கோர்ட்டுலதான் நிறுத்தணும்."

"மேடம், மூணு வருஷம் ஆச்சே... வாரண்ட் காலாவதி ஆகியிருக்காதா?"

"பால் பாக்கெட்டா காலாவதி ஆக? போட்ட கோர்ட் ரத்து பண்ணணும், இல்லேன்னா உங்களைப் பிடிக்கணும். ரெண்டுல ஒண்ணு நடக்கிற வரைக்கும் அது உயிரோடதான் இருக்கும்."

பதினைந்தாயிரம் ஆசாமியைப் பற்றியும் சொன்னேன். சிரித்தார். "கோர்ட் ஃபைலைக் காணாம அடிக்கக் காசு கொடுத்தா அது தனி கேஸ். இப்ப இருக்கிறது சின்ன கேஸ். அது பெரிய கேஸ். வக்கீல் யாரும் டீக்கடையில ஆள் பிடிக்க மாட்டாங்க. எங்களுக்கு விளம்பரம் பண்ணவே பார் கவுன்சில் அனுமதி இல்லை. தானா தேடி வந்து 'நான் பார்த்துக்கறேன்'னு சொல்றவர் யாருன்னு நீங்களே யோசிங்க."

கடைசியாக ஒரு புத்திமதி: "உங்க மாமாவோட பட்டா கேஸ் பார்த்த வக்கீல்னு யாரையும் கூட்டிட்டு வராதீங்க. தினம் இந்த கோர்ட்டுக்குள்ள ஏறி இறங்கற வக்கீலாப் பாருங்க. ஃபீஸை முதல்லயே பேசிடுங்க."

நான் மாமாவோட வக்கீலைத்தான் நினைத்திருந்தேன். எப்படிக் கண்டுபிடித்தாரோ!

இரண்டே வாக்கியம்

ஆபீஸ் சீனியர் ஒருவர் சொல்லி, அந்த கோர்ட்டிலேயே பிராக்டீஸ் செய்யும் ஒரு வக்கீலைப் பிடித்தேன். ஐம்பது வயது. வெற்றிலைப் பெட்டி. 'ஐயாயிரம், பெட்டிஷன் செலவு தனி' என்று முதல் வரியிலேயே முடித்துவிட்டார். அடுத்து, செல்போனில் ஈ-கோர்ட்ஸ் ஆப்பைத் திறந்து, எஃப்.ஐ.ஆர். நம்பரைத் தட்டி, ஒரே நிமிஷத்தில் என் கேஸ் நம்பர், அடுத்த வாய்தா தேதி எல்லாவற்றையும் எடுத்தார். மூன்று வருஷமாக எனக்குத் தெரியாத என் ஜாதகம் அவர் உள்ளங்கையில்!

"தம்பி, போலீஸ் வந்து பிடிக்கிறதுக்கும் நாமளா போறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடிச்சாங்கன்னு வை, சனி, ஞாயிறு என்ன ஆகும்னு சொல்ல முடியாது. நாம புதன்கிழமை காலைல பத்தரைக்குப் போறோம். வாரண்டை ரத்து பண்ணச் சொல்லி மனுப் போடறோம். பழைய வீட்டு அக்ரிமென்ட், புது வீட்டு கேஸ் பில், ஆதார்ல விலாசம் மாத்தின காகிதம், எல்லாம் எடுத்துட்டு வா. சம்மன் உன் கைக்கு வரவே இல்லைன்னு காட்டணும். ஜாமீன் போட ரெண்டு பேர் ரெடியா இருக்கட்டும். ரேஷன் கார்டு, ஆதார் ஜெராக்ஸோட."

"சார், ஜட்ஜ் ஒத்துக்கலைன்னா?"

"உள்ளே போக வேண்டியிருக்கும். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா சின்ன கேஸ், முதல் தடவை, தானா வந்திருக்கே, கையில காரணம் இருக்கு. இந்த நாலும் உன் பக்கம்."

புதன்கிழமை. கறுப்பு கோட்டுகளின் கடல். எல்லா வக்கீலும் ஒரே மாதிரி தெரிய, நான் வேறு யாரோ ஒருவர் பின்னாலேயே கால் மணி நேரம் நடந்துவிட்டேன். போனை ஆஃப் செய்து, சட்டையை இன் பண்ணி, கையைக் கட்டி நின்றேன். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த இரண்டு பக்க வசனம் மனசுக்குள் இருந்தது.

டவாலி என் பெயரையும் அப்பா பெயரையும் இடம் மாற்றிப் போட்டுக் கூவினார். அப்பாவுக்காக நானே போய் நின்றேன்.

வக்கீல் பேசியது இரண்டே வாக்கியம்: "வீடு மாறியதால் சம்மன் கிடைக்கவில்லை, அதற்கான ஆதாரம் மனுவோடு இணைத்திருக்கிறோம். தெரிந்தவுடன் தானாக ஆஜராகியிருக்கிறார்."

மாஜிஸ்டிரேட் காகிதங்களைப் புரட்டினார். என்னைப் பார்த்தார். "இப்ப எங்கே குடியிருக்கீங்க?" என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டார். "இனிமே வீடு மாறினா முதல்ல கோர்ட்டுக்குச் சொல்லணும். ஒரு வாய்தா தவறினாலும் பழையபடி வாரண்ட்தான்." வாரண்ட் ரத்து. ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்து. அவ்வளவுதான்! இரண்டு வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் நாலு நிமிஷத்தில் முடிந்தது.

ஆனால் எனக்கு அடுத்து நின்றவனை நான் மறக்கவில்லை. இருபத்திரண்டு வயது இருக்கும். ஓட்டலில் மாவு ஆட்டுகிற பையன். ஏதோ அடிதடி கேஸ். அவன் மேலும் பிடிவாரண்ட். முந்தின ராத்திரி ஓட்டலில் வைத்தே பிடித்துவிட்டார்கள். கையில் மாவு காய்ந்திருந்தது. "வக்கீல் இருக்காரா?" என்று மாஜிஸ்டிரேட் கேட்டார். பையன் பின்னால் திரும்பிப் பார்த்தான், யாரையோ தேடுகிற மாதிரி. யாரும் இல்லை.

"லீகல் எய்டு!" என்றார் மாஜிஸ்டிரேட். ஓரத்தில் இருந்து ஒரு இளம் வக்கீல் எழுந்து வந்து, அவனிடம் தணிந்த குரலில் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு, அவனுக்காக வாதாடினார். உள்ளூரில் ஜாமீன் போட ஆள் இல்லை என்றார். சொந்த ஜாமீனில் விடச் சொல்லிக் கேட்டார். விட்டார்கள். 'ஃபீஸ் எவ்வளவு சார்?' என்று அவன் வெளியே வந்து பயந்து பயந்து கேட்டான். 'ஒண்ணும் இல்லைப்பா, அடுத்த வாய்தாவுக்கு வந்துடு' என்றார் அவர்.

அவனும் நானும் செய்த தப்பு ஏறக்குறைய ஒன்றுதான். எனக்கு மனைவி இருந்தாள், ஆபீஸ் சீனியர் இருந்தார், ஐயாயிரம் இருந்தது. அவனுக்கு ஒரு ராத்திரி லாக்கப். அவனுக்கு யாராவது முன்னாலேயே 15100-ஐச் சொல்லியிருந்தால், அவனும் காலை பத்தரை மணிக்குக் குளித்துவிட்டு வந்திருப்பான்.

'ஆமாங்க' என்ற ஒரு வார்த்தை

வாரண்ட்தான் ரத்து. கேஸ் அப்படியேதான் இருந்தது.

வராந்தாவில் ஒருவர் இலவச யோசனை சொன்னார். "எதுக்கு தம்பி வாய்தா வாய்தான்னு அலையறே? கூண்டுல ஏறி 'ஆமாங்க, தப்பு பண்ணிட்டேன்'னு சொல்லு. 341-க்கு 500, 323-க்கு 1,000. அதிகபட்சமே 1,500 ரூபா. கட்டிட்டு ஆபீஸுக்குப் போ!"

கேட்க எவ்வளவு இனிமை! ஏற்கெனவே மூன்று நாள் லீவு போட்டாகிவிட்டது. நான் கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன்.

வக்கீல் சாரிடம் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "1,500 ரூபா அபராதம்னு உனக்குத் தெரியுது. சட்டத்துக்கு அது தண்டனை. நாளைக்கு கவர்மென்ட் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டா, 'எப்பவாவது கைதானது உண்டா, வழக்கு உண்டா, தண்டனை உண்டா, அபராதம் உண்டா'ன்னு ஃபாரத்துல கட்டம் கட்டிக் கேட்பான். 'உண்டு'ன்னு எழுதணும். மறைச்சு எழுதி மாட்டினா வேலையே போகலாம். அது மட்டுமில்லே, அபராதத்தோட விடணும்னு சட்டம் இல்லை. 323-க்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் கொடுக்கலாம். சின்ன கேஸ்ல பெரும்பாலும் அபராதத்தோட விடுவாங்க, ஆனா அது ஜட்ஜ் கையில இருக்கு."

"அப்ப நான் தள்ளலைன்னு சொல்லணுமா சார்?"

"தள்ளினியா, இல்லையா?"

"...தள்ளினேன் சார்."

"அப்ப வேற வழி இருக்கு. ரெண்டுமே சமரசம் செஞ்சுக்கக்கூடிய பிரிவு. அடிபட்டவர் கோர்ட்டுக்கு வந்து, 'எங்களுக்குள்ள தீர்ந்துபோச்சு'ன்னு சொன்னாப் போதும். கேஸ் முடிஞ்சுது. சட்டப்படி அது விடுதலை. தண்டனை கிடையாது. ஆனா ஒண்ணு, அவர் வீட்டுக் கதவை நீதான் தட்டணும். மிரட்டற மாதிரி கூட்டமாப் போகக் கூடாது. பணத்தை நீட்டக் கூடாது. போய் மன்னிப்புக் கேளு."

மாஜிஸ்டிரேட் முன்னால் நிற்பதைவிட அது கஷ்டமாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

கேட்டுக்கு வெளியே

ஞாயிற்றுக்கிழமை மாலை. பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். அதே போர்டு. அதே கேட். பூந்தொட்டி மட்டும் புதுசு.

சார் கதவைத் திறந்தார். மூன்று வருஷத்தில் பத்து வருஷம் கூடியிருந்தது. உட்காரச் சொல்லவில்லை. "தப்பு என்னோடது சார். அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும்" என்றேன். இரண்டு பக்க வசனம் இதற்கும் தயார் செய்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "கை ஒரு வாரத்துல ஆறிடுச்சு. எனக்கும் சாட்சி சம்மன் வந்துது தெரியுமா? முழங்கால் வலியோட ரெண்டு பஸ் மாறி ரெண்டு தடவை கோர்ட்டுக்குப் போனேன். ரெண்டு தடவையும் உங்க பேரைக் கூப்பிட்டாங்க. நீங்க வரலை. 'வாய்தா'ன்னாங்க. திரும்பி வந்தேன். தள்ளினதைவிட அதுதான் தம்பி எனக்குக் கோபம்."

எனக்கு என்னவோ செய்தது. சம்மன் வராததால் நான்தான் பாதிக்கப்பட்டவன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

உள்ளேயிருந்து மாமி காபி கொண்டுவந்து வைத்தார்கள். "குடிங்க" என்றார் சார். "அன்னிக்கு நானும் சட்டையைப் பிடிச்சிருக்கக் கூடாது."

அடுத்த வாய்தாவுக்கு நானே ஆட்டோவில் அவரை அழைத்துப் போனேன். மாஜிஸ்டிரேட் அவரிடம் இரண்டு முறை கேட்டார்: "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? பணம் ஏதாவது கொடுத்தாங்களா?" "காபி நாங்கதான் கொடுத்தோம்" என்றார் சார். கோர்ட்டே சிரித்தது. சமரச மனு ஏற்கப்பட்டது. கேஸ் முடிந்தது.

மலேசியா? அந்த டிரெயினிங் எனக்கு முன்பே போய்விட்டது. எனக்குப் பதிலாகப் போன சக ஊழியர் ஒரு சாவிக்கொத்து வாங்கி வந்து கொடுத்தார். கோர்ட் உத்தரவின் நகலைக் கொடுத்த பிறகு பாஸ்போர்ட் தபாலில் வந்தது. கேஸ் முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு என்றார் வக்கீல். 1993-ல் வந்த மத்திய அரசு அறிவிக்கையின்படி, கேஸ் நடக்கிற கோர்ட்டிலேயே வெளிநாடு போக அனுமதி உத்தரவு வாங்கினால் பாஸ்போர்ட் கேட்கலாம்.

பெட்டி கேஸுக்கு ஒரு பெட்டிச் செய்தி

நம் ஊரில் சின்ன கேஸுக்குப் பெயர் 'பெட்டி கேஸ்'. பெட்டியைத் திறக்காமலே பரணில் போட்டால் என்ன ஆகும் என்று பார்த்தீர்கள் அல்லவா? வக்கீல் சாரும் வக்கீலம்மாவும் சொன்னதில் முக்கியமானவை:

* ஸ்டேஷனில் எதில் கையெழுத்துப் போட்டாலும் படித்துவிட்டுப் போடுங்கள். சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா என்று கேளுங்கள். வீடு மாறினால் விலாசத்தைத் தெரிவியுங்கள்.

* 'விசாரணைக்கு ஆஜராகவும்' என்று போலீஸ் நோட்டீஸ் வந்தால் போங்கள். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது, கைது ஏன் அவசியம் என்று காரணம் எழுத வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. நோட்டீஸை மதிக்காதவருக்கு அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

* கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். வக்கீலைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஜாமீன் என்பது சலுகை அல்ல, உரிமை.

* 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டங்களுக்குப் பதில் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. அதற்குப் பின் நடந்த சம்பவம் என்றால் 323-க்குப் பதில் 115(2), 341-க்குப் பதில் 126(2). அபராதமும் ஏறிவிட்டது. 115(2)-க்கு 10,000 ரூபாய் வரை, 126(2)-க்கு 5,000 ரூபாய் வரை. சமரச வழி புதிய சட்டத்திலும் உண்டு. லோக் அதாலத்திலும் முடித்துக்கொள்ளலாம்.

* வீடியோ காலில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு ஒருவர் தோன்றி, 'உன் மேல வாரண்ட், டிஜிட்டல் அரெஸ்ட், உடனே பணம் அனுப்பு' என்றால் போனை வையுங்கள். சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. 1930-ல் சைபர் கிரைமுக்குப் புகார் கொடுங்கள்.

* யாரையும் தெரியவில்லையா? 15100. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

இப்போதெல்லாம் பைக்கை நிறுத்துவதற்கு முன்னால் நாலா பக்கமும் பார்க்கிறேன். யாராவது போர்டு வைத்திருந்தால் அதைக் கோர்ட் உத்தரவு மாதிரி மதிக்கிறேன். பாஸ்போர்ட் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. இன்னும் எங்கேயும் போகவில்லை.

மூன்றாவது வீட்டு மாமி மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தைலம் என்னாச்சு?" என்று கேட்கிறார். முன்பென்றால் சந்துக்குள் திரும்பியிருப்பேன். இப்போது நேராகப் போய் நின்று சொல்லிவிடுகிறேன்:

"அடுத்த வாய்தா கொடுங்க மாமி!"